தெரியாது என்று யாரும் சொல்லாத நகரம்

1994 ஏப்ரல் 16, சனிக்கிழமை. மெக்சிகோ நகரின் இஸ்தபலாபா பகுதியில் இடால்கோ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தெருக்கள் இருந்தன.

அது எலாதியோவுக்குத் தெரியாது.

வஹாக்கா மலையிலிருந்து பதின்மூன்று மணி நேரம் பேருந்தில் வந்து, காலை எட்டரைக்கு இறங்கியிருந்தான். இந்த நகரத்தில் கால் வைப்பது முதல் தடவை. தோளில் புதுக் கோட்டு. கக்கத்தில் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் பெண் வீட்டுக்கான சீர், உயிருள்ள வான்கோழி.

பன்னிரண்டு மணிக்கு, இடால்கோ தெருவில், மணப்பெண் யூரிதியாவின் வீட்டு முற்றத்தில் அவனுக்குக் கல்யாணம்.

பதிவு நீதிபதி வீட்டுக்கே வந்து நடத்திவைப்பார். அன்று அவருக்கு இன்னும் மூன்று கல்யாணங்கள். மாப்பிள்ளை இல்லையென்றால் கால் மணி நேரம் பார்ப்பார், கிளம்பிவிடுவார். அடுத்த தேதி செப்டம்பரில்தான்.

யூரிதியா தொலைபேசியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"இங்க எவனும் தெரியாதுன்னு சொல்ல மாட்டான். சொன்னா மரியாதை இல்லையாம். மூணு பேரைக் கேளு. ரெண்டு பேர் ஒரே பக்கம் கைகாட்டினா அந்தப் பக்கம் போ."

மூன்று பேரைக் கேட்டான்.

சோளரொட்டிக் கடைக்காரி கிழக்கே காட்டினாள். போலீஸ்காரர் மேற்கே காட்டினார். ஜூஸ் கடைக்காரர் பாதி ஆரஞ்சைக் கையில் வைத்தபடியே ஒரு தெரு தூரம் கூடவே வந்து, "கண்ணை மூடிட்டுப் போ மச்சான்" என்று தெற்கே அனுப்பிவைத்தார்.

மூன்று பக்கமும் போனான். இரண்டு இடால்கோ தெருக்கள் கிடைத்தன. ஒன்றில், யூரிதியா சொன்ன வீட்டு எண்ணில் பல் மருத்துவர் இருந்தார். மற்றதில் டயர் கடை. கடைக்காரர் வான்கோழிக்குத் தண்ணீர் வைத்து, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து வாழ்த்தி, வடக்கே காட்டினார்.

மணி பன்னிரண்டு இருபது. அழ வேண்டிய நேரம். அவனுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத நான்கு பேர், சொந்தத் தம்பியை வழியனுப்புவதுபோல அவ்வளவு சந்தோஷமாக அவனைத் தொலைத்திருந்தார்கள்.

ஒரு பச்சை டாக்ஸி பக்கத்தில் வந்து நின்றது. பின் சீட்டில் சாம்பல்நிற உடுப்பில் ஓர் அம்மாள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"தம்பி, சான் காசியானோ சிற்றாலயம் எந்தப் பக்கம்? இந்த டிரைவர் அரைமணி நேரமா தெரியும் தெரியும்ங்கறார்."

தெரியாது என்று சொல்லத்தான் எலாதியோ வாயைத் திறந்தான். அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. கை தானாக எழுந்தது.

"நேராப் போங்கம்மா. மருந்துக்கடை வரும், இடது பக்கம் திரும்புங்க. தப்பவே தப்பாது!"

டாக்ஸி பறந்தது. அவன் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடினான்.

ஐந்தாறு தெருக்கள் தாண்டியதும், கூரைகளுக்கு மேலாக வாத்திய ஒலி கேட்டது. எப்போதும் அரைத்தாளம் பிந்தும் அந்தப் பெரிய குழல், கல்யாணத்துக்கு வாசிக்க முன்கூட்டியே வந்திருந்த அவனுடைய மாமாவுடையதேதான். அதைப் பிடித்துக்கொண்டே போய், ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் முற்றத்துக்குள் விழுந்தான்.

யூரிதியா பூச்செண்டாலேயே அவனை அடித்தாள்.

"நீதிபதி போயிட்டாரா?"

"இன்னும் வரவே இல்லடா, கழுதை!"

ஒன்று இருபதுக்கு வாசலில் ஒரு பச்சை டாக்ஸி நின்றது. சாம்பல்நிற உடுப்பில், கையில் பதிவேட்டுடன் நீதிபதி இறங்கினார். பின்சுவருக்கு அப்பால் சான் காசியானோ சிற்றாலயத்தின் மணி தெரிந்தது.

திருமணம் ஒன்று நாற்பதுக்குப் பதிவானது. அன்றைய மற்ற மூன்று திருமணங்களும் தாமதமாக நடந்தன.