எழுத்து முடிந்த பெண்

"அறுத்தவள் ஆலாத்தி எடுத்தால் உன்ரை மகளின்ரை வாழ்க்கை என்னத்துக்கு ஆகும், மிருணா?"

"அறுக்கிறதுக்குத் தாலி எங்கை கட்டினது, கோசலை அக்கா?"

பிரெஞ்சு நாட்டில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலின் ரூ காய் தெருவில், மிருணாளினியின் சேலைக் கடைக்குள்தான் இந்தச் சத்தம். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் வெளியே வந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த முருங்கைக்காயை மறுபடி அடுக்கத் தொடங்கினார். காது மட்டும் இந்தப் பக்கம்.

அடுத்த சனிக்கிழமை மிருணாளினியின் மகள் சிவாஜினிக்குக் கலியாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளைக்குத் தட்டுச் சுற்றி ஆலாத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் வேண்டும். ஒருத்தி கோசலை. லாச்சப்பலில் அவள் எடுக்காத ஆலாத்தி இல்லை. அழைக்க மறந்த வீட்டுக்கும் அவளே நினைவுபடுத்திப் போய்விடுவாள். மற்றவள் தன் பெரியம்மா மகள் அக்‌ஷராதான் என்று மணப்பெண் ஒற்றைக் காலில் நின்றாள்.

அதுதான் கோசலைக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், மேரி என்று இங்கே எல்லாரும் சொல்லும் நகரசபையில், அக்‌ஷராவுக்கும் யதுர்ஷனுக்கும் எழுத்து முடிந்தது. சட்டப்படியான கலியாணப் பதிவு. தாலிகட்டுக்குப் பதினொரு நாள் இருக்கையில் அவன் மோட்டார்சைக்கிள் ஒரு லொறியில் மோதியது. அன்றுமுதல் ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் குங்குமத் தட்டு அக்‌ஷராவைத் தாண்டிப் போகும். தாண்டவைப்பது கோசலையின் கை. பெண் பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீடுகளில் அவளுடைய கதிரை சமையலறைப் பக்கம் போடப்படும். போடச் சொல்வதும் கோசலைதான்.

"கலியாணம் ஆகாத குமருகளும் ஆலாத்தி எடுக்கிறவைதானே அக்கா. இவளும் குமர் மாதிரித்தான்."

"குமரோ? பிரெஞ்சுக்காரனே அவளின்ரை பத்திரத்திலை விதவை எண்டு எழுதிப்போட்டான்!"

"பிரெஞ்சுக்காரன் நத்தையையும்தான் தின்னுறான். நாங்களும் தின்னுவமே?"

"கதையை மாத்தாதை. எனக்கு அவன்ரை சட்டமும் தெரியும், எங்கடை சாத்திரமும் தெரியும். இதிலை ரெண்டும் ஒண்டுதான்."

பேச்சுக்கு ஆளான அக்‌ஷரா மேசைக்குப் பின்னால் ஒரு கூறைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. 'ரோசமும் செத்துப்போச்சு இவளுக்கு' என்று கோசலை நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, தாயை ஏற்றிப்போக வந்த கிருஷிகன் கார்ச் சாவியோடு வாசலில் நின்றான். கோசலையின் ஒரே மகன். முப்பது வயது, நல்ல வேலை. அவனுக்கென்று சேர்த்த சாதகங்களால் கோசலையின் வீட்டு மேசை லாச்சி மூட முடியாமல் கிடக்கிறது.

"நீ சொல்லு தம்பி. எழுத்து முடிஞ்சால் கலியாணம் முடிஞ்சுதோ, இல்லையோ?"

"அம்மா சொல்லுறது சரிதான், அன்ரி," என்றான் அவன் மிருணாளினியைப் பார்த்து. "எழுத்து முடிஞ்சால் முடிஞ்சதுதான்."

"நீயுமாடா, தம்பி?" மிருணாளினியின் குரல் உடைந்தது. "அவளோடை ஒரே பள்ளிக்கூடத்திலை படிச்சனி."

கோசலைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என்ன கேட்டாலும் பிரெஞ்சில் அரைச் சொல்லோடு நிறுத்துகிற பிள்ளை, இன்றைக்குத் தமிழில், முழு வாக்கியத்தில், அதுவும் தன் பக்கம்!

அக்‌ஷரா சேலையைக் கீழே வைத்தாள்.

"அன்ரி, ஒண்டு கேக்கட்டே? ஐயர் வரேல்லை, ஹோல் எடுக்கேல்லை, தாலி கட்டேல்லை. எழுத்து மட்டும்தான். அப்பவும் அவள் பெண்சாதியோ?"

"பெண்சாதிதான். புருசன் இருந்தால் சுமங்கலி, போனால் விதவை. நடுவிலை ஒண்டும் இல்லை."

"எல்லாருக்கும் இதே சாத்திரமோ?"

"என்ரை வீட்டிலை நடந்தாலும் இதேதான். ரூ பஜோல் பிள்ளையாருக்கு முன்னாலை நிண்டும் சொல்லுவன்." கோசலை வாசல் பக்கம் திரும்பினாள். "கேட்டியளோ, முருங்கைக்காய் அண்ணை? நீங்களும் சாட்சி."

முருங்கைக்காய் அண்ணை திடுக்கிட்டுத் தலையாட்டினார்.

மிருணாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கலியாண வேலைப் பட்டியலை எடுத்தாள். "சரி. ரெண்டாவது ஆளாய் ஆற்றை பேரைப் போட? நீங்களே சொல்லுங்கோ அக்கா."

"என்ரை பேரையே போடுங்கோ சித்தி," என்றாள் அக்‌ஷரா. "சாத்திரம் சரியாத்தான் இருக்கு." பிறகு கோசலையிடம் மெதுவாகச் சொன்னாள்: "நீங்கள் வலப் பக்கம் நில்லுங்கோ, நான் இடப் பக்கம் நிக்கிறன், மாமி."

"ஆரடி உனக்கு மாமி?"

லாச்சப்பலில் எந்த வீட்டுக் கறிக்கு உப்புக் கூடியது என்பதுவரை அறிந்த கோசலைக்கு, பதினெட்டாம் வட்டார மேரியில் பத்து நாளாகக் கலியாண அறிவித்தலில் தொங்கிய இரண்டு பெயர்கள் மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தன. இந்தச் சண்டைக்கு முந்தின செவ்வாய்க்கிழமையே அங்கே எழுத்து முடித்திருந்த கிருஷிகன், சிவாஜினியின் கலியாணத்தில் தாய்க்கு இடப் பக்கம் நின்று ஆலாத்தி எடுத்த தன் பெண்சாதி அக்‌ஷராவோடு, மறுநாளே மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் தனிக்குடித்தனம் போய்விட்டான்.