செப்புத் தகடு

அன்று அந்தக் கதவுக்கு முன் நின்றவர்கள் நான், என் மனைவி சௌந்தரம், என் தம்பி குழந்தைவேலு. வேலைக்குப் போயிருந்த மருமகள் தமயந்தி, தன் வீட்டுச் சாவியை என் செல்பேசிக்கே அனுப்பியிருந்தாள். பூட்டில் செல்பேசியை வைத்தால் திறக்குமாம். அதற்குச் செல்பேசியில் போட வேண்டிய என்எஃப்சி போட்டுத்தான் இருந்தது. எப்படி வைத்தும் திறக்கவில்லை.

“வேணும்னே பண்றா அண்ணே. இன்னும் நின்னு அசிங்கப்படணுமா?” என்றான் தம்பி.

“அவளையே ஒரு வார்த்தை கேளுங்களேன்,” என்றாள் சௌந்தரம்.

நான் கேட்கவில்லை. திரும்பிவிட்டோம். தமயந்தி அழைத்தபோதும் எடுக்கவில்லை. பிறகு அவள் அழைப்பதை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் செல்பேசிக்கு உறை மாற்றும்போது, பழைய உறைக்குள் நான் வெகுநாளாக வைத்திருந்த கோயில் தகடு விழுந்தது. “செம்பு மறைச்சா என்எஃப்சி எப்படிங்க எடுக்கும்?” என்று கடைக்காரர் சிரித்தார்.

மருமகள் எங்களை வாசலோடு அனுப்பிவிட்டாள் என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். அது பொய். மகனிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, அன்று எங்களுக்குச் சமைத்து மூடிவைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போயிருந்தாள்.