ஒரு கீரை வயல் போட்டோ

நகருக்கு அருகே உணவு உற்பத்தி பற்றி அதிகாரி சிலம்பரசன் நாளை சென்னையில் பேசுகிறார். "நெய்வேலி குவார்ட்டர்ஸ் மண்ணில் புல்கூட முளைக்காது, கிராமங்களே நம்பிக்கை" என்பது அதில் அவருக்கே பிடித்த வரி. வயல் போட்டோ ஒன்றுதான் பாக்கி.

அதே குவார்ட்டர்ஸில் இருக்கும் தன் வீட்டு வாசலுக்குத் தினமும் கீரை கொண்டுவரும் மலர்கொடியைப் பிடித்தார். "உன் வயலைக் காட்டும்மா."

"வேணாங்க சார்."

"காட்டலைன்னா நாளையிலேர்ந்து உன்கிட்ட கீரை வாங்க மாட்டோம். கார்ல ஏறு."

"காரு எதுக்குங்க? உங்க வூட்டுக் கொல்லக் கதவத் தொறங்க, போதும்."

குடிவந்த நாளிலிருந்து திறக்காத கதவு. உதைத்துத் திறந்தார். பின்கேட் வரை சிறுகீரை தளதளவென்று நின்றது.

சிலம்பரசன் கையிலிருந்த பேச்சுத் தாளைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார்.

"போட்டோவுல வூடு வுழாம எடுங்க சார்" என்றாள் மலர்கொடி. "ரெண்டு பேருக்கும் நல்லது."