வெளியே ஒரு பூட்டு
வயதுக்கு வந்ததும் ஓநாயாக மாறுகிற ஒரு பெண்ணின் கதை அது. படம் முடிந்து வெளியே வந்தவர்களிடம், தியேட்டர் வாசலில் ஒருவன் மைக்கை நீட்டிக் கருத்து கேட்டுக்கொண்டிருந்தான். "பயமே வரல ப்ரோ. எங்க தெரு நாய் இதவிட நல்லா உறுமும்," என்றான் ஒருவன். "பொண்ணா இருந்தப்பவிட ஓநாயா இருந்தப்பதான் நல்லா நடிச்சிருக்கா," என்றான் அவன் நண்பன். எல்லோரும் சிரித்தார்கள். மைக் என் பக்கம் திரும்பியது. "அவ பேச மாட்டா தம்பி," என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவங்கம்மா ரூம்ல போட்டுப் பூட்டாம இருந்திருந்தா அவ யாரையும் கடிச்சிருக்க மாட்டா," என்றேன். அம்மாவின் பிடி தளர்ந்தது. நான் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தைவிட்டு என்னை நிறுத்திய நாளிலிருந்து, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அவள் மில்லுக்குப் போகிறாள். காலம் கெட்டுக்கிடக்கிறது என்பாள்.  பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். மறுநாள் காலை எனக்குச் சோறு மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள். கதவைச் சாத்தினாள். நாதாங்கியில் பூட்டு மாட்டும் சத்தம் கேட்டது. சாவி திரும்பும் சத்தத்துக்காக உள்ளே காத்து நின்றேன். அது கேட்கவில்லை; அம்மாவின் செருப்புச் சத்தமும் இன்னும் தொடங்கவில்லை.