ஒன்பதாம் நம்பர்

எதிர்வீட்டுக் கொடியில் மறுபடியும் இரண்டு ஜெர்சிகள் காய்ந்தன. ஒன்றில் நான்கு, இன்னொன்றில் ஒன்பது.

தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வயிறு எரிந்தது.

"ஒருத்திக்கு ரெண்டு சட்டை! மாத்தி மாத்திப் போட்டுக் குதிக்கிறா. அதை அவங்க அம்மா ஊரே பார்க்கட்டும்னு வெளியில தொங்க விடுறா."

பதினாறு வயது மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சட்டை காயணும்னா வெளியிலதாம்மா போடணும்."

"வாய் மட்டும் நீளுது. நீயும்தான் வாலிபால்ல சேருவேன்னு ரெண்டு வருஷம் முன்னாடி ஒத்தக் கால்ல நின்னே. நான் விட்டேனா? முட்டி உடைஞ்சு வந்து நின்னா எவன் கட்டுவான்? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

மகள் பையை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குக் கிளம்பினாள்.

நாலு பேர் ஒன்றுமே பேசவில்லை என்பதுதான் தையல்காரிக்குத் தாங்கவில்லை. எதிர்வீட்டு நர்ஸின் மகள் அரை டிரவுசரோடு தெருவில் நடந்தாள். ஏசுவார்கள் என்று பார்த்தால், மளிகைக்கடைக்காரர் கூப்பிட்டு சாக்லேட் கொடுத்தார். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூட அளவைச் சொல்லும் முன், "எதிர்வீட்டுப் பொண்ணு டீம் ஜெயிச்சுதா?" என்று கேட்டார்கள். இவள் மகள் கணக்கில் தொண்ணூறு வாங்கியதை ஒரு ஆள் கேட்கவில்லை.

மறுநாள் வாசலில் நர்ஸ் எதிரே வந்தாள்.

"பொண்ணு பிச்சு உதறுறாளாமே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள் தையல்காரி.

நர்ஸ் ஏனோ தடுமாறினாள்.

"ஏதோ ஆடுறா அக்கா. ஆனா நிஜமான ஆட்டம் ஒன்பதாம் நம்பரோடதுதான். அது இல்லாட்டி டீமே இல்லைன்னு கோச்சே சொல்றார். சனிக்கிழமை ஃபைனல். நீங்க ஒரே ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு."

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் பொருமினாள். 'நாலைப் போட்டா ஏதோ ஆட்டமாம், ஒன்பதைப் போட்டாதான் நிஜ ஆட்டமாம். பெத்த பொண்ணைப் பேர் சொல்லாம நம்பர் சொல்லிப் பீத்திக்கிறா. அந்த ஒன்பதை உட்கார வைக்கிறேன் பார்.'

தெருக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் விளக்கு எரியாவிட்டாலும் மனு எழுத எல்லோரும் தையல்காரியிடம்தான் வருவார்கள். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஊருக்காக மனு எழுதிய அந்தப் பேனாவைத்தான் இப்போதும் எடுத்தாள்.

'மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. வாலிபால் அணியில் ஒன்பதாம் எண் ஜெர்சி அணியும் மாணவி பையன்களோடு சுற்றித் திரிகிறாள். இவளைப் பார்த்து மற்றப் பெண்களும் கெட்டுப்போகும் முன் நடவடிக்கை எடுக்கவும்.'

அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அக்கம்பக்கத்தார் வேலை என்று கண்டுபிடித்துவிடுவார்கள், நம்பர் போதும். கீழே 'ஒரு பெற்றோர்' என்று முடித்தாள். அந்தக் கடிதத்தில் உண்மை அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்துப் புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவளுக்கு அன்று தையல் நேராக ஓடியது.

சனிக்கிழமை மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், நர்ஸ். அவள் முதுகுக்குப் பின்னால், கண் வீங்கி, ஒன்பதாம் நம்பர் ஜெர்சியோடு நின்றது தையல்காரியின் மகள்.

"திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க அக்கா" என்றாள் நர்ஸ். "டியூஷன்னு சொல்லச் சொன்னதே நான்தான். உங்களுக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவீங்கன்னு ரெண்டு வருஷமா இவ ஜெர்சியையும் நான்தான் துவைச்சு எங்க கொடியில போட்டேன். இவ்வளவு நல்லா ஆடுற பிள்ளையை வீட்டுல பூட்டி வைக்க எனக்கு மனசு வரல."

தையல்காரி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எவனோ ஒரு பாவி மொட்டைக் கடுதாசி போட்டுட்டான்மா" என்று மகள் விம்மினாள். "என்னை டீம்ல இருந்தே எடுத்துட்டாங்க. 'என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல, எனக்குத் தெரிஞ்சுதான் ஆடுறா'ன்னு நீ கைப்பட எழுதிக் கொடுத்தா சேர்த்துக்கிறேன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருக்காங்க. நாலு மணிக்கு மேட்ச்மா. என்னை அப்புறம் எவ்வளவு வேணா அடி, இப்ப எழுதிக் கொடும்மா."

மகளே அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மெஷின்மேல் வைத்து, பேனாவை அம்மாவின் கையில் திணித்தாள்.

"மனு எழுதுவியே, அதே மாதிரி முத்து முத்தா எழுதும்மா. அந்தக் கடுதாசியைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் படிப்பாங்களாம்."