முருங்கைச் சாறு தெளித்த பாதி

மொபெட்டை வரப்பில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

சாறு தெளித்த மூன்று பாத்தியிலும் ஒரு இலைகூட இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அறுத்திருக்கிறார்கள். அறுத்த தண்டில் இன்னும் ஈரம் இருந்தது.

தெளிக்காத மூன்று பாத்தி ஓரமாக, மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது.

எல்லாம் அரைக்கீரை. சரவணம்பட்டிக்குக் கிழக்கே, சென்னிமலை என்ற விவசாயியின் தோட்டம். மேற்கே புதிதாக வந்த முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு கிணற்றில் இறங்கி, மூன்று வருஷமாக எதை விதைத்தாலும் இலை ஓரம் கருகிப் பழுத்துவிடும். சென்னிமலை வெறுத்துப்போய் அன்னூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போய்விட்டார். அவர் மனைவி மாரியாத்தாள்தான் பிடிவாதமாக விதைத்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றாறில் நான் அங்கே ஆராய்ச்சி மாணவியாகப் போய்ச் சேர்ந்தேன். முருங்கை இலையை அரைத்துப் பிழிந்து, தண்ணீர் கலந்து, பாதிக்குத் தெளித்தேன். மீதிப் பாதியைச் சும்மா விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.

தெளித்த பாதி முழங்கால் உயரம் வந்தது.

சென்னிமலை மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தார். இலையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். வேலையை விட்டுவிடப் போகிறார் என்று மாரியாத்தாள் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு அறுப்புக்கும் தராசோடு வந்து, எடையைக் குறித்துக்கொண்டு, நோட்டை மூடிக் கிளம்பிவிடுவேன். இலையைப் பரிசோதித்து முடிவு வரும்வரை விற்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அப்புறம் கீரை என்ன ஆகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. படித்த புத்தி அவ்வளவுதான்.

முடிவு இன்று காலைதான் வந்தது. ஆய்வகத்தில் என் முறை வர ஒன்றரை மாதம் ஆகிவிட்டது.

சாறு செடியைக் காப்பாற்றியிருந்தது. பட்டறைக் கழிவில் வந்த காட்மியத்தைத் தடுக்கவில்லை.

செடி நோகாமல் அந்த உலோகத்தைக் குடித்து, நோகாமல் இலையில் சேர்த்து வைத்திருந்தது. தெளிக்காத பாதியைவிட மூன்று மடங்கு. சிறுநீரகத்தையும் எலும்பையும் அரிக்கிற நஞ்சு. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. முன்பாவது கருகிய இலையைப் பார்த்து யாரும் வாங்க மாட்டார்கள். நான் அதையும் கெடுத்து வைத்திருந்தேன்.

மாரியாத்தாள் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் சோறும் கீரையும்.

அவர் கையைப் பிடித்துவிட்டேன். எச்சில் கை.

"அக்கா, இது எந்தக் கீரை?"

அவர் அரண்டுபோய்த் தட்டை என் பக்கம் திருப்பினார். "பழுத்ததுதானுங்க அம்மணி. எங்க ஊட்டுக்கு எப்பவும் இதுதானுங்க. நல்லதுல ஒரு கிள்ளு நாங்க தொட்டதில்லீங்க. ஒரு கட்டு வித்ததுமில்லீங்க."

தட்டைப் பார்த்தேன். ஓரம் கருகிய, மஞ்சள் பாய்ந்த இலைகள்தான்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. அதிலும் நஞ்சு உண்டு. ஆனால் குறைவு. இன்றோடு நிறுத்தச் சொல்லிவிடலாம். வேலையை விட வேண்டாம் என்று சென்னிமலையிடமும் சொல்லிவிடலாம். கஷ்டம்தான், ஆனால் சொல்லிவிடலாம்.

எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், அப்படியானால் நல்ல கீரையை எல்லாம் என்ன செய்தீர்கள் என்று.

மாரியாத்தாள் கையை உதறிவிட்டு எழுந்து நின்றார். முகத்தில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை.

"தோட்டம் மறுக்கா பச்சை கண்டா, மொத நாலு அறுப்பு பால்வாடிப் புள்ளைங்களுக்குன்னு வேண்டிக்கிட்டனுங்க. பழுத்ததைக் குடுக்க மனசு வருங்களா? இன்னைக்கு நாலாவதுங்க. நீங்க வருவீங்கன்னு தெரியாம, எடை பாக்காமயே குடுத்துப்போட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க, கண்ணு."