யானை பார்க்கும் திட்டம்

"உல்லாசப் பயணி யாராவது இரவு இரண்டு மணிக்கு யானை பார்க்க வருவாரா, மேடம்?"

கேட்டவர் திலீபன். வெள்ளத்துக்குப் பிறகு வந்த மீளெழுச்சி நிதியை எந்தச் சபைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய, கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி. கேள்வியை வாங்கிக்கொண்டவர் பிரதேச சபையின் தவிசாளர் விமலேஸ்வரி. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர்.

"ஏன் வரமாட்டினம்? நித்திரை கொள்ளுறதுக்கே அவ்வளவு காசைக் குடுத்துப் பிளேனில வருகினம்? யானை காட்டைவிட்டு இறங்கின உடன போனுக்கு அறிவித்தல் போகும். அடிச்சுப் பிடிச்சு எழும்பி வருவினம்."

திலீபன் சிரிக்கவில்லை. கமெரா வைக்கும் இடங்களைக் குறித்து மேசையில் விரித்திருந்த வரைபடத்தை மறுபடி பார்த்தார். விமலேஸ்வரிக்கு உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது, முகத்தில் காட்டவில்லை. சபை முன்பு அனுப்பிய திட்டங்களெல்லாம் போன வேகத்திலேயே திரும்பி வந்திருந்தன. இந்த முறை 'ஸ்மார்ட் சுற்றுலா' என்ற பேரைக் கேட்டுத்தான் ஆளே நேரில் வந்திருக்கிறார். இன்று கையெழுத்து விழாவிட்டால் காசு வேறு சபைக்குப் போய்விடும். வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனபோது, இதைச் செய்து தருவேன் என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

"கமெராக்களைக் குளக்கட்டில் வைத்தால் என்ன? தண்ணீர், தாமரை, பின்னால் சூரியன் மறைகிற காட்சி. அதை விட்டுவிட்டு, காட்டோரம் முழுக்க வைக்கிறீர்களே?"

"குளக்கட்டில நிண்டு பாத்தால் யானையின்ர முதுகுதான் தெரியும் சேர். காட்டோரத்தில வைச்சால்தான் முகம் தெரியும். முகமில்லாத படத்தை ஆர் பாக்கிறது?"

சுற்றி இருந்த சபை உறுப்பினர்கள் சிலர் பலமாகத் தலையை ஆட்டினார்கள். யானையின் முகத்துக்காக ஒரு சபை இவ்வளவு உறுதியாக வாதாடியதை திலீபன் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்.

"தங்குவதற்கு ஹோட்டல் ஒன்றையும் காணவில்லையே. வயல் நடுவே, மரத்துக்கு மேல் பரண் மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள்."

"ஹோட்டல் கொழும்பிலயும் இருக்குது சேர். பரணில படுக்கத்தான் இஞ்ச வருவினம். ஏணியை மட்டும் பலமாப் போடவேணும்."

"அறிவித்தல் தமிழிலும் போகும் என்கிறீர்கள். வெளிநாட்டுக்காரருக்குத் தமிழ் எதற்கு?"

"வழிகாட்டிகள் எங்கட பெடியள்தானே. அவங்களுக்கு விளங்காட்டில் பயணியை ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

கேட்க வாய் திறக்குமுன்பே பதில் தயாராக நிற்கிறது என்று திலீபனுக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் தவிசாளரை விட்டுவிட்டு, மூலைக் கதிரையில் பேசாமல் இருந்த ஏரம்புவின் பக்கம் திரும்பினார். ஏரம்பு ஒட்டுசுட்டான் பக்கத்து உறுப்பினர், வயல்காரர். வாயே திறக்கக் கூடாது என்று அவருக்குக் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். கட்டாயம் கதைக்க வேண்டி வந்தால் பறவைகளைப் பற்றி மட்டும் கதைக்கலாம்.

"ஐயா, நீங்கள் யானையைக் கிட்டப் பார்த்திருக்கிறீர்களா?"

"ஓம் தம்பி. போன மாசம் எங்கட பக்கத்து வீட்டு மூக்கன்ர வயலுக்கை..."

ஏரம்பு தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தார்.

விமலேஸ்வரி அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "ஏரம்பண்ணைக்கு யானை எண்டால் அப்பிடியொரு பாசம் சேர். அதின்ர வடிவைச் சொல்லத் தொடங்கினால் அழுதுபோடுவார். நீங்கள் பறவையைப் பற்றிச் சொல்லுங்கோ அண்ணை."

"கொக்கு நிக்குது," என்றார் ஏரம்பு. "நாரையும் வரும்."

அதோடு அவருடைய பறவைகள் முடிந்துவிட்டன. திலீபன் ஏரம்புவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கெட்டது காரியம் என்று விமலேஸ்வரி நினைத்தார். ஆனாலும் கதிரையை முன்னுக்கு இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். திருப்பி அனுப்பினால் என்ன, மறுபடி எழுதுவது. அதற்கும் ஒரு நல்ல பேர் கிடைக்காமலா போய்விடும்?

"கடைசிக் கேள்வி, மேடம். வருசத்துக்கு எத்தனை பயணிகள் வருவார்கள்?"

"முதல்ல கமெரா வரட்டும் சேர். ஆக்கள் தங்கட பாட்டில வருவினம்."

திலீபன் பேனையை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். மண்டபமே கை தட்டியது. ஏரம்புவுக்குத்தான் தட்டத் தோன்றவில்லை, துவாயைப் பிடித்தபடி இருந்தார்.

வழியனுப்ப வாகனம் வரைக்கும் விமலேஸ்வரியே போனார். சந்தோசத்தில் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கதவைத் திறந்த திலீபன் ஏறாமல் நின்றார். அவருடைய கொழும்புத் தமிழ் எங்கேயோ போயிருந்தது.

"அக்கா, கிழக்குப் பக்கமும் ரெண்டு கமெரா போடுங்கோ. கமெரா இல்லாத பக்கமாப் பாத்துத்தான் அது இறங்கும்."

"நீங்கள் என்ன சேர் சொல்லுறியள்?"

"யானை வருகுது எண்டு, பரணில வயற்காவலுக்குக் கிடக்கிறவனுக்குச் சொல்ல ஒரு கமெரா கேட்டால் ஒருத்தரும் தரமாட்டினம். துணுக்காய்ப் பக்கம் எங்கட ஊரிலயும் சுற்றுலா எண்டு எழுதித்தான் எடுத்தனாங்கள்," என்றார் திலீபன். "இண்டைவரைக்கும் ஒரு பயணியும் வரேல்லை அக்கா. ஆனால் அதுக்குப் பிறகு, காவலுக்குப் போன ஒருத்தரும் சாகேல்லை."